ஒட்டிவைத்த கடைசி அத்தியாயம்

என் சின்ன முதலாளிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் திடமாக இருக்கிறோம், கடையும் திடமாக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நடை பழகும் நம் குட்டியும் அங்கே அப்படியே இருக்க வேண்டும்.

நீ அனுப்பிய துப்பறியும் நாவல் வந்தது. பார்சலைத் தூக்கிப் பார்த்துவிட்டு யாரோ செங்கல் சாம்பிள் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அதை எழுதியவர் மட்டும் நம் கடையில் வேலைக்கு இருந்திருந்தால் ஒரே வாரத்தில் கணக்கு முடித்து அனுப்பியிருப்பேன். முதல் பக்கத்திலேயே ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் மாடியறையில் செத்துக் கிடக்கிறார், ஆகா என்று நிமிர்ந்து உட்கார்ந்தால் அதன்பிறகு பக்கம் பக்கமாக மழை பெய்கிறது. மாடிக் கதவின் கீல் கிரீச்சிடுவதற்கே ஒரு அத்தியாயம். என்னிடம் வந்திருந்தால் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் கதையை அங்கேயே முடித்திருப்பேன். ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன்னைப் பார்க்க வரவேண்டும் என்று குட்டி பிறந்த நாளிலிருந்து அம்மா கேட்பதும், கடையை யார் பார்ப்பது என்று நான் சொல்வதும் உனக்குப் புதிதல்ல. இந்த முறை அவள் கெஞ்சவில்லை, பந்தயம் கட்டினாள். 'கொன்னது யாருன்னு நீங்க சரியா சொல்லிட்டா, குட்டி ஸ்கூலுக்குப் போற வரைக்கும் நான் வாயே திறக்க மாட்டேன். நான் சொன்னா, ஒரு மாசம் ஷட்டரை இறக்கிட்டு என்கூட கிளம்பணும்' என்றாள். கரும்பு தின்னக் கூலியா என்று ஒப்புக்கொண்டேன். ஒரு ஆள் கடைப்படி ஏறும் விதத்திலேயே வாங்க வந்தவனா, விலை கேட்டுவிட்டுப் போக வந்தவனா என்று சொல்லிவிடுகிற எனக்கு ஒரு கொலைகாரன் எம்மாத்திரம்? அவளுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை, கடைசி அத்தியாயத்தை நம் கடையின் பழுப்பு டேப்பாலேயே சுற்றி ஒட்டிவிட்டாள்.

மதியம் வியாபாரம் ஓய்ந்திருக்கும் நேரத்தில் சாப்பாடு கொண்டு வருவாள், பெயின்ட் டின்மேல் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள், நான் தராசில் ஆணி போட்டபடி கேட்பேன். திருகாணி வாங்க வந்த தச்சர் கதையில் மாட்டிக்கொண்டு தினமும் ஒரு திருகாணி குறைகிறது என்று வர ஆரம்பித்தார். நீதிபதிக்கு ஒரு தம்பி, ஊதாரி, எல்லோரிடமும் சிரித்துச் சிரித்துப் பேசுகிறவன். அவன்தான் என்றேன் நான், தச்சரும் 'முதலாளி சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்று என் பக்கம். அம்மாவோ நீதிபதியின் எதிர்வீட்டின் கீழே துணிக்கடை வைத்திருக்கிறவர்தான் என்று நின்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மனிதர் கதை முழுக்க ஒரு நாள்கூடக் கடையை மூடவில்லை. நீதிபதி செத்த காலையில் தெருவே அவர் வீட்டு வாசலில் கூடி நிற்கிறது, இவர் வருகிறார், யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே போகிறார். அந்த இடத்தை அம்மா படித்தபோது, வியாபாரி என்றால் இப்படி இருக்கணும் என்று நான் தொடையைத் தட்டினேன்.

நேற்று டேப்பைப் பிரித்தோம். துணிக்கடைக்காரர்தான். தச்சர் மெதுவாக ஒரு டப்பா திருகாணியை எடுத்து அதில் எழுதியிருப்பதைப் படிக்க ஆரம்பித்தார். எழுத்தாளருக்கு வியாபாரிகளைப் பிடிக்காது போலிருக்கிறது என்றேன். அம்மா துள்ளிக் குதிக்கவில்லை, புத்தகத்தை மூடினாள். 'எதிர்ல செத்துக் கெடக்கறது யாருன்னு ஒரு வார்த்தை கேக்காம ஒருத்தன் கடையைத் திறக்கறான்னா, ஒண்ணு அவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும், இல்ல அவன் உங்களை மாதிரி இருக்கணும். அந்த எழுத்தாளருக்கு உங்களைத் தெரியாதே' என்றாள். தச்சர் சிரித்த சிரிப்பில் டப்பா கைநழுவி, கடை முழுக்கத் திருகாணி.

பேச்சு பேச்சுதான். டிக்கெட் போட்டாயிற்று, அடுத்த மாதம் முதல் வாரம் வருகிறோம். ஊருக்கெல்லாம் பூட்டு விற்கிறவன் ஒரு மாதம் தாங்குகிற பூட்டை என் ஷட்டருக்குத் தேடியதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. உன் சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்றாயே, யாரையும் கூப்பிட்டுக் காசைக் கொட்டாதே, வாஷர் கொண்டு வருகிறேன். மாப்பிள்ளையிடம் அளவு மட்டும் எடுத்து அனுப்பச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு, குட்டியைத் தூக்கிக்கொண்டே எல்லா வேலையும் செய்யாதே.

இன்னொன்று. போன ரெண்டு மூன்று தடவை போனில் உன் குரல் சரியில்லை. அம்மா கேட்டாள், ஒன்றுமில்லை என்றாய். நான் பக்கத்திலேதான் இருந்தேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை, கடையில் ஆள் நின்றது. வந்து உன் வாசலில் பெட்டியை இறக்கியதும் என்ன ஆச்சு என்று முதலில் கேட்கப்போகிறவன் நான்தான். மழையையும் கீலையும் விட்டுவிட்டு நேராகக் கடைசி அத்தியாயத்தைச் சொல்லிவிடு, மிச்சத்தை நானும் அம்மாவும் பார்த்துக்கொள்கிறோம்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள்.

பந்தயத்தில் தோற்ற,
உன் அப்பா