இடது பக்கம் தெரியாத கப்பல்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் அக்காவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டு இந்த வரியை முடிப்பதுதான் வழக்கம், ஆனால் கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று தெரியும், அதனால் இந்தத் தடவை கேட்கவில்லை. போனில் பேசலாம் என்றால் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், நீயும் "நல்லா இருக்கேம்மா, சாப்பிட்டேம்மா, சிக்னல் போகுதும்மா" என்று அவசரமாக முடித்துக்கொள்கிறாய். அதனால்தான் கடிதம். அடுத்த துறைமுகத்தில் உங்கள் கம்பெனி ஏஜென்ட் உதிரிப் பாகங்களோடு இதையும் கொண்டுவந்து கொடுப்பார் என்று அக்கா விசாரித்துச் சொன்னாள். இதை முழுக்கப் படித்து முடிக்கும் வரைக்கும் யார் எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதே.

வீட்டுச் செய்தி என்று பார்த்தால், அக்காவை வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள், இரண்டு பஸ் மாறிப் போகிறாள், திரும்பி வரும்போது அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. மேல்வீட்டுக் குழாய் ஒழுகி என் வேலை அறைக் கூரை மூலையில் ஊறிப்போயிருக்கிறது, அந்த மனிதர் இன்று நாளை என்று இழுத்தடிக்கிறார், நான் செய்துவைத்திருக்கிற மாதிரிக் கப்பல்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் உறை போட்டு மூடிவிட்டு வேலை செய்கிறேன். அச்சகத்திலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து உன் அப்பாவுக்குக் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. என் தூரிகைகளை எல்லாம் கழுவி அளவு வாரியாக அடுக்கிவைக்கிறார், அவசரத்துக்கு ஒன்றும் கையில் கிடைப்பதில்லை. கத்தினால், தான் இல்லாவிட்டால் இந்த அறை குப்பைத்தொட்டியாகிவிடும் என்று எனக்கே பாடம் நடத்துகிறார்.

இப்போது கையில் இருப்பது பல் டாக்டர் கேட்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல். இரண்டாம் உலகப் போரில் ஒரு குறிப்பிட்ட மாதத்தில் அது எப்படி இருந்ததோ அப்படியே வேண்டுமாம், முன் மாதமும் கூடாது பின் மாதமும் கூடாது. உனக்குத்தான் தெரியுமே, அந்தக் கப்பல்களுக்கு அடிக்கடி பெயிண்ட் மாற்றியிருக்கிறார்கள், பீரங்கிகளைக் கூட்டியிருக்கிறார்கள், கொடிமரத்தில் புதிதாக எதையாவது மாட்டியிருக்கிறார்கள். அதை வைத்துத்தான் எந்தப் படம் எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். உருமறைப்புப் பட்டைகள் இன்னும் பெரிய தலைவலி. கறுப்பு வெள்ளைப் படத்தில் எந்தச் சாம்பல் நீலம் கலந்தது, எந்தச் சாம்பல் பச்சை கலந்தது என்று யார் கண்டார்கள். சில வகைப் பிலிமில் நீலம் வெளிறிப்போய் வெள்ளை மாதிரி விழும், சிவப்பு கறுப்பாக விழும். அதோடு வலது பக்கம் ஒரு கோலம், இடது பக்கம் வேறு கோலம். அத்தனை பெரிய இரும்பை எந்தப் பெயிண்டாலும் மறைத்துவிட முடியாது, அது எந்தப் பக்கம் திரும்புகிறது, என்ன வேகத்தில் போகிறது என்று பார்ப்பவன் தப்பாகக் கணக்குப் போட வேண்டும், அதற்குத்தான் அந்தப் பட்டைகள்.

இந்தக் கப்பலின் இடது பக்கத்துக்கு ஒரே ஒரு படம்தான் உண்டு. உலகத்தில் இதைச் செய்கிற எல்லோரும் அதைப் பார்த்துத்தான் பெயிண்ட் அடிக்கிறார்கள், நானும் அடித்து முடித்துவிட்டேன். போன வாரம் அதே படத்தின் பெரிய, தெளிவான பிரதி ஒன்று எனக்குக் கிடைத்தது. பட்டை எங்கே வளைகிறது என்று ஓரம் ஓரமாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் மேல்தளத்தில் நின்ற ஓர் அதிகாரியிடம் வந்து நின்றுவிட்டேன். அவர் இடது கையால் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்றவர்களின் கோட்டுப் பொத்தான்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் போட்டிருந்தன. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "பிலிமைத் திருப்பிப் போட்டுட்டான். எங்க பிரஸ்ல இது சர்வ சாதாரணம்" என்று சிரித்தார். ஆக அது இடது பக்கமே இல்லை. வலது பக்கத்தையே திருப்பி அச்சடித்துவிட்டு இத்தனை காலமாக இடது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அசல் இடது பக்கம் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. பல் டாக்டருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னால் அந்த மகராசன், "அதனால என்னம்மா, இடது பக்கத்தைச் சுவரைப் பார்த்த மாதிரி வெச்சுடறேன்" என்கிறார். இவரிடம் போய் வாயைத் திறந்து காட்டுகிறார்களே ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் தொட்டு அந்தப் பக்கத்துப் பெயிண்டை முழுக்கத் துடைத்து எடுத்துவிட்டேன்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், அன்றைக்கு எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. எத்தனை தடவை பார்த்த படம், பட்டையைப் பார்த்தேனே ஒழிய அங்கே நின்ற மனிதனைப் பார்க்கவில்லை. அந்த எரிச்சலோடு நிமிர்ந்தால் எதிர்ச் சுவரில் உன் படம், அப்பாவின் பிறந்தநாளுக்குக் கேக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நீ அனுப்பினாயே, அது. அதில் நான் மனிதனை மட்டும்தான் பார்த்திருக்கிறேன், இளைத்திருக்கிறானா, கண் குழிவிழுந்திருக்கிறதா என்று. மற்றதைப் பார்ப்போமே என்று கம்ப்யூட்டரில் பெரிதாக்கினேன். முதலில் தெரிந்தது, நீ படத்தை வெட்டியிருக்கிறாய். உன் படங்கள் எல்லாம் அகலமாக இருக்கும், இது தோளோடு ஒட்டி நறுக்கியிருந்தது. ஆனால் பின்னால் இருந்த ஜன்னல் கண்ணாடியை நீ மறந்துவிட்டாய். அதில் எதிரே இருக்கிற கப்பல் ஓரத்துக் கைப்பிடிக் கம்பி தெரிகிறது, அது நெடுக, வெளியாள் ஏறிவிடாதபடி சுருள் சுருளாக முள்கம்பி. அதற்குக் கீழே மணல் மூட்டைகள். ஹெல்மெட் போட்டு ஓர் ஆள் நிற்கிறான் என்று நினைத்தேன், இன்னும் பெரிதாக்கினால் அவனுக்கு முகம் இல்லை, சட்டைக்குள் துணியை அடைத்துக் காவலுக்கு நிற்கவைத்த பொம்மை. குளிர்ப் பிரதேசத்துக்குச் சர்க்கரை ஏற்றிப் போகிறோம், ரொம்ப நிம்மதியான ரூட் என்று சொன்னாய். நிம்மதியான ரூட்டில் எதற்கடா முள்கம்பி? அம்மாவின் வேலையே இதுதான் என்று தெரிந்துமா இப்படி ஒரு படத்தை அனுப்பினாய்?

அதற்குப் பிறகு அக்காவைத் துணைக்கு வைத்துக்கொண்டு எல்லாம் விசாரித்துவிட்டேன். நீங்கள் அடுத்துப் போகப்போவது கப்பல்களைச் சுடுகிற அந்தக் குறுகலான கடல் வழியாகத்தான். மாலுமிகள் சங்கத்தில் அக்காவுக்குத் தெரிந்த ஒரு பெண் இருக்கிறாள், உங்கள் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்துச் சொன்னாள். அந்த மாதிரிக் கடலுக்குள் போகுமுன் ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டுக் கையெழுத்து வாங்க வேண்டுமாம், மாட்டேன் என்றால் கம்பெனி செலவிலேயே ஊருக்கு அனுப்ப வேண்டுமாம், அதற்காக வேலையைவிட்டு எடுக்கவும் கூடாதாம். அந்தக் கையெழுத்தை வாங்கப்போவது இந்தத் துறைமுகத்தில்தான். அடுத்த பதவி உயர்வு உனக்குத்தான் என்று கேப்டன் சொல்லியிருப்பதால் நீ போட்டுவிடுவாய் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. பயந்தாங்கொள்ளி என்று நாலு பேர் சொல்வார்களே என்றும் யோசிப்பாய், சின்ன வயதிலிருந்தே அந்த ஒரு வார்த்தை உனக்கு ஆகாது.

அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். கப்பல் எங்கே போகிறது என்று போனில் காட்டுமே, அதில் உன் கப்பலின் புள்ளி முந்தாநாள் முதல் காணவில்லை, நெட்வொர்க் கோளாறு என்று அவராகவே சொல்லிக்கொண்டு போனை அணைத்து அணைத்துப் போடுகிறார். ஆமாம் கோளாறுதான் என்று நானும் சொன்னேன், சுடுகிறவன் கண்ணில் படாமலிருக்கக் கப்பலிலேயே வேண்டுமென்று அதை அணைத்து வைப்பார்கள் என்று எப்படிச் சொல்வது. ஆனால் மேலே உள்ள பத்தியை எழுதிக்கொண்டிருந்தபோது தூரிகை டப்பாவோடு உள்ளே வந்துவிட்டார், என் முகத்தைப் பார்த்தார், ஒளிக்க முடியவில்லை, படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், "நம்ம பிள்ளை மட்டும் இறங்கினா மத்தவங்க? அவங்களுக்கெல்லாம் வீட்ல ஆள் இல்லையா?" எனக்கு வந்ததே கோபம், ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிற நேரமா இது என்று கத்திவிட்டேன். அவர் டப்பாவைக் கீழே வைத்தார், அது சாய்ந்து தூரிகைகள் எல்லாம் சிதறிவிட்டன, பொறுக்கிக்கூட வைக்காமல் போய்விட்டார். இப்போது முன்னறையில் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருக்கிறார். அவர் கேட்டதும் சரிதான், கோபம் தணிந்த பிறகு எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது. அதனால் சங்கத்துப் பெண் சொன்ன அந்த ஒப்பந்த வரியை நீ மட்டும் வைத்துக்கொள்ளாதே. சமையல்காரர், எஞ்சின் அறையில் இருப்பவர்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள், எல்லோரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டு. தெரிந்துகொண்டு போகிறவர்கள் போகட்டும். தெரியாமல் ஒருவரும் போகக் கூடாது.

ஆனால் நீ இறங்கிவிடு. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். வளர்ந்த பிள்ளை, உன் முடிவு உன் கையில் என்றெல்லாம் நல்ல அம்மாக்கள் எழுதுவார்கள், என்னால் முடியவில்லை. சங்கத்துப் பெண்ணின் நம்பர் இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது, துறைமுகத்தில் இறங்கியதும் முதலில் அவளைக் கூப்பிடு, கேப்டனிடம் பேசுவது அதற்குப் பிறகுதான். சம்மதமில்லை என்பதை வாயால் சொல்லிவிட்டு வராதே, எழுதிக் கொடுத்துப் பிரதி வாங்கிக்கொள். இருமல் இருக்கிறது என்றாயே, அது பொய்யாக இருக்காது என்று நினைக்கிறேன், வெந்நீர் குடி.

உன்னோடு இருக்கிற அத்தனை பேரும் ஒருவர் குறையாமல் அவரவர் வீட்டு வாசலை மிதிக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் வேண்டிக்கொள்கிறோம். நீ நீண்ட நாள் நன்றாக இரு. அப்பாவிடம் கேட்டேன், ஏதாவது எழுத வேண்டுமா என்று, நீயே எழுது என்று சொல்லிவிட்டார், இருட்டில் அவர் முகம் தெரியவில்லை. பதவி போனால் போகட்டும், இந்த வேலையே போனாலும் போகட்டும். வேலையில்லாத பிள்ளையை உட்காரவைத்துச் சோறு போட எனக்குத் தெரியும். பிள்ளை இல்லாத வீட்டில் எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உன் வழியையே பார்த்திருக்கும்
அம்மா