அயனிக்குச் சூடு ஏறும் வரை

கருமாத்தூர்
12-5-1985

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்பாவும் அம்மாவும் நலம். செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது.

நேற்று விருமாண்டி மாமா வெற்றிலை பாக்கோடு வந்தார். “பத்து முடிச்சிருச்சு, இன்னும் எம்புட்டுத்தான் படிக்கும்? ஆவணியில எம் மகனுக்கு முடிச்சிருவோம் மச்சான்” என்றார். அப்பா பசுவுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். பதினொன்றாம் வகுப்பில் சேர்த்துவிடுங்கள் என்று அப்பாவிடம் தினமும் கேட்கிறேன். நீங்கள் ஒரு வரி எழுதினால் அப்பா கேட்பார்.

இன்னொன்று. லேசரால் உலோகத்தைச் சுட்டால் ஒரே துண்டுக்குள் இரண்டு வெப்பநிலை இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அது எப்படி? இதை நினைத்துத் தூக்கமே வரவில்லை.

உங்கள் தங்கை
அன்னக்கொடி

பம்பாய்
21-5-1985

அன்புத் தங்கைக்கு,

லேசர் ஒளியை முதலில் வாங்குவது எலக்ட்ரான்கள். ஒரு வினாடியை லட்சம் கோடிக் கூறாக்கினால், அதில் ஒரு கூறுக்குள் அவை கொதித்துவிடும். எலக்ட்ரான் கழன்றபின் நிற்கும் அணுக்கள், அதாவது அயனிகள், அப்போதும் குளிர்ந்தே இருக்கும். அவை மிகக் கனமானவை. ஒரு மோதலில் துளிச் சூடுதான் ஏறும். எலக்ட்ரான்கள் ஓயாமல் மோதவேண்டும். நீயும் அப்பாவை விடாதே. நானும் அவருக்கு எழுதுகிறேன்.

அண்ணன்
கருத்தக்கண்ணன்

பம்பாய்
2-6-1985

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

மாமா எனக்கும் எழுதியிருந்தார். அவரைப் பகைக்க வேண்டாம். அவரிடம் நேரில் பேச, ஆராய்ச்சி வேலையை விட்டு நான் இப்போது வர முடியாது. ஆவணியிலேயே கல்யாணத்தை முடித்துவிடுங்கள். நான் இப்படி எழுதியது அன்னக்கொடிக்குத் தெரிய வேண்டாம்.

கருத்தக்கண்ணன்

கருமாத்தூர்
14-6-1985

அண்ணனுக்கு,

நீங்கள் பம்பாய் போன நாளிலிருந்து அப்பாவுக்கு வரும் கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுகிறேன். அது உங்களுக்கு மறந்துவிட்டது.

நீங்கள் அவருக்கு எழுதிய கடிதத்தின் கடைசி வரியையும் படித்துக் காட்டினேன்.

“அம்புட்டுத்தானா?” என்றார் அப்பா.

“அம்புட்டுத்தான்ப்பா.”

“மறுக்கா படி.”

மறுபடியும் படித்தேன். அன்று மட்டும் பள்ளியில் சேர்க்கச் சொல்லி நான் அவரிடம் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, என்னைப் பஸ்ஸில் செக்கானூரணிப் பள்ளிக்கு அழைத்துப் போனார். விண்ணப்பத்தில் கைநாட்டு வைத்தார். அறிவியல் பிரிவில் இடம் கிடைத்துவிட்டது.

சாயங்காலம் மாமா வந்து கத்தினார். “பெத்த மகனே சரின்னு எனக்கும் எழுதிட்டான். ஒமக்கென்ன மச்சான்?”

“எழுதுனவன் அவன். ஒரு எழுத்தக்கூட மறைக்காம வாசிச்சவ இவ” என்றார் அப்பா.

அயனிக்குச் சூடு ஏற ஏற, மோதிய எலக்ட்ரான் ஆறிக்கொண்டே வரும் என்பதை மட்டும் நீங்கள் எனக்கு எழுதவில்லை.

உங்களுக்குப் பதில் போடச் சொன்னார் அப்பா. என்ன எழுத என்று கேட்டேன். கன்றுக்குட்டியைத் தாயிடம் அவிழ்த்துவிட்டார்.

“சொகமா இருக்கோம்னு எழுது.”

சுகமாக இருக்கிறோம்.

அன்னக்கொடி