துருக்கிக்காரன் கையும் என் எலுமிச்சம்பழமும்

பாவா,

இன்று மலைக்கோயிலில் ஆடிக் கிருத்திகைக் கூட்டம். சோளிங்கரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் கார் மலைப்பாதை வளைவில் நின்றுபோய், நம் ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சரிசெய்து, வழக்கம்போல் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, "எடுங்க வண்டிய" என்றேன். பழம் நசுங்கி, அந்த வாசனையும் பெட்ரோல் வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறியதுமே உன் ஞாபகம் வந்தது. உன் ஞாபகம் மட்டும் வந்திருந்தால் பரவாயில்லை. கூடவே அந்தத் துருக்கிக்காரனும் வந்து நின்றான். செத்த பிறகாவது நீ தனியாக வரக்கூடாதா?

ஊருக்கு நீ என் அக்கா புருஷன். அதற்கு வெகுகாலம் முன்பே எனக்குக் கூட்டாளி. நாலு பேர் முன்னால் 'நீங்க', ஷெட்டுக்குள் வந்தால் 'நீ'. ஸ்டேஷனில் இறங்கும் பக்தர்களை மலைக்கு ஏற்றிப்போகும் வாடகை பிளஷர் கார் உன்னுடையது. அதைப் பழுது பார்க்கிற மெக்கானிக் நான். வேறு எவன் கையும் அதில் பட்டதில்லை. மணவூர்ப் பக்கம் போய் நின்றாலும் லாரிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு என்னிடம்தான் வருவாய். அந்தக் கர்வத்தில்தான் நான் சோறு தின்றுகொண்டிருந்தேன்.

என் ஷெட்டுக்கு வருகிறவர்களிடம் என்ன கோளாறு என்று நான் கேட்பதில்லை. "என்னா சத்தம் வருது, வாயால போட்டுக் காட்டுங்க" என்பேன். திருவாலங்காட்டுப் பெரிய பண்ணைக்காரரும் நடுத்தெருவில் நின்று 'டொக்கு டொக்கு' என்று காட்டித்தான் ஆக வேண்டும். அதில் உன்னை அடிக்க ஆளில்லை. கியர் கரகரப்பதை அப்படியே தொண்டையில் கொண்டுவருவாய். வேலை முடிந்தால் மலை ஏற்றிப் பார்ப்பது, இறங்கி வந்ததும் பழம் வைப்பது. புது வண்டிக்கு எல்லோரும்தான் வைப்பார்கள். படுத்து எழுந்த வண்டிக்கும் வைப்பது என் ஷெட்டின் வழக்கம்.

எழுபதுகளின் நடுவில் குவைத்துக்கு டிரைவராகப் போனாய். திரும்பி வந்த அன்றே, அக்கா சுட்டு வைத்த தோசை ஆறிக்கொண்டிருக்க, கதையை ஆரம்பித்துவிட்டாய். வெயில் காலத்தில் முதலாளி குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ரோடு வழியாகவே துருக்கிக்குப் போனாயாம். ஏதோ ஒரு மலையடிவார ஊரில் வண்டி படுத்துவிட்டதாம். நாளைக்குள் கிளம்பாவிட்டால் உன்னை ஊருக்கே அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டு, முதலாளி ஓட்டலுக்குப் போய்விட்டாராம்.

"மச்சான், நான் கத்துக்கினு வெச்சிருந்த நாலு அரபி வார்த்தையும் அங்க செல்லல. அந்த மெக்கானிக்குக்கு இங்கிலீஷும் கெடையாது. இன்னா பண்றது? வாயால சத்தம் போட்டேன். அவன் கண்ண மூடிக்கினு கேட்டான். அப்பறம் அவன் ஒரு சத்தம் போட்டான். இல்லன்னு தலையாட்டினேன். வேற ஒண்ணு போட்டான். ஆங், அதான்னு குதிச்சேன்! நேரா கிளட்ச்ல போயி கைய வெச்சான் பாரு. அது கையா? பூத் தொடுக்கிற கை மச்சான்!"

முடித்ததும் அவனும் வண்டியை மேட்டில் ஏற்றிப் பார்த்தானாம். கிளம்புகிற நேரத்தில் பழம் வைக்காமல் உனக்குக் கால் வரவில்லை. உருண்டையாகக் கையில் காட்டி, பிழிவதுபோல் செய்தாயாம். அவன் சிரித்தபடி உள்ளே போய், சின்னக் கண்ணாடிக் கிளாசில் டீ ஊற்றி, அதில் ஒரு துண்டு எலுமிச்சம்பழத்தைப் போட்டுக் கொண்டுவந்து நீட்டினானாம்.

"நான் டயரக் காட்றேன். டீய டயருக்கு ஊத்தச் சொல்றேன்னு நெனச்சிக்கினு முழிக்கிறான்! கடைசில அவன் வீட்டு அடுப்படிக்கே போயி நாலு பழம் எடுத்தாந்து வெச்சேன். வண்டி ஏறி நசுங்கினதும் கை தட்டிட்டு, என்னைக் கட்டிப் புடிச்சிக்கினான்."

வீடே சிரித்தது. எனக்கு வயிறு எரிந்தது, பாவா. வாயால் போட்ட சத்தம் யாருடையது? மேடு ஏற்றிப் பார்ப்பது யார் வழக்கம்? பழம் யார் ஷெட்டுப் பழம்? எல்லாம் இங்கிருந்து போயிருக்கிறது, பேர் மட்டும் அவனுக்கா?

அதோடு விட்டாயா? பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், கல்யாண வீட்டில், சவாரி வந்தவர்களிடம், எங்கும் அந்தக் கதைதான். ஒருநாள் உன் வண்டியின் கிளட்ச்சைக் கழற்றிப் போட்டு வேர்த்து வழிந்துகொண்டிருந்தேன். நீ பீடியை இழுத்துக்கொண்டே, "அவனா இருந்தா இந்நேரம் முடிச்சிருப்பான்" என்றாய். ஸ்பேனரை வீசி எறிந்தேன். "அப்ப துருக்கிக்கே தள்ளிக்கினு போ!" என்று கத்தினேன். அதன் பிறகு உன் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. அக்காதான் சாப்பாட்டுத் தூக்கோடு ஷெட்டுக்கு வந்தாள். "இன்னாடா இது, வூட்டுக்கு சக்களத்தி வந்தா மாதிரி மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு கீற?" என்றாள். அவள் சொன்னது சரிதான்.

மறுநாள் நீ வந்தாய். ஏதோ புதுச் சத்தம் என்று தொண்டையைக் கனைத்து விதவிதமாகப் போட்டுக் காட்டினாய். எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். வண்டி கல்லு மாதிரி இருந்தது. "ஒண்ணும் இல்லாத வண்டிய எதுக்குக் கொண்டாந்த?" என்றேன். "சும்மாதான். ஒருவாட்டி நீ பாத்துட்டா எனுக்கு நிம்மதி" என்றாய். அன்றைக்காவது, 'அவனைவிட நீதாண்டா ஒசத்தி' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் உன் நாக்கு தேய்ந்தா போயிருக்கும்? நான் அதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தேன். நீ இன்னொரு பீடியைப் பற்றவைத்தாய்.

பிறகு ஒருநாள் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாய். காரியம் முடிந்த அன்று அக்கா கேட்டாள்: "தம்பி, அந்தத் துருக்கிக்காரரு பேரு இன்னாடா? அவருக்கும் ஒரு வார்த்த சொல்லி அனுப்ப வேணாமா?" யோசித்துப் பார்த்தேன். அவன் மீசையைச் சொன்னாய், கையைச் சொன்னாய், டீ கிளாசைக்கூடச் சொன்னாய். பேரை ஒருநாளும் சொன்னதில்லை. உனக்கே தெரியாது! என் பேரையாவது காலையிலிருந்து கத்திக்கொண்டிருப்பாயே என்று எனக்குள் அற்பமாய் ஒரு சந்தோஷம். அடுத்த நிமிஷமே, பேர்கூடத் தேவைப்படாமல் அவனோடு அப்படி ஒட்டிக்கொண்டாயே என்று பழையபடி எரிய ஆரம்பித்தது.

இப்போது டீக்கடையில் என்னைத்தான் பிடித்து உட்காரவைக்கிறார்கள். "அந்தத் துருக்கிக் கதைய சொல்லுபா, உங்க பாவா சொல்றா மாதிரி" என்கிறார்கள். என் வாயால் அவனைப் புகழ வேண்டுமாம், பார் என் தலையெழுத்தை! முதலில் மறுத்தேன். நானும் சொல்லாவிட்டால் உன் கதையைச் சொல்ல ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? சொல்கிறேன். அவன் கையைக் கொஞ்சம் மட்டம் தட்டிச் சொல்லிப் பார்த்தேன். கதை நொண்டியது. அதனால் 'பூத் தொடுக்கிற கை' என்று உன் குரலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவனும் அவன் ஊரில் சொல்லிக்கொண்டிருப்பான். அந்தக் கதையில் நீ இருப்பாய், பழம் இருக்கும், நான் இருக்கமாட்டேன். அதனால் இங்கே முடிக்கும்போது ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன். 'ஆயிரம் இருந்தாலும் எங்க மச்சான் கைக்கு ஈடாவுமா?' என்று சொல்லி முடிப்பேன். நீ சொன்னதாகத்தான் சொல்கிறேன். எல்லோரும் நம்புகிறார்கள்.

நீ சொல்லவில்லைதான். முடிந்தால் வந்து இல்லையென்று சொல்லு, பாவா.