புகை வந்த பிறகு

அண்ணா,

முதலாளியின் பழைய கார் ஓடுகிறது. புதிதாகப் பொருத்திய எலெக்ட்ரானிக் இக்னிஷன் எரிந்துபோனதால், அதற்காகக் கழற்றி வைத்திருந்த பழைய இக்னிஷன் பாயிண்ட்டையே திரும்ப மாட்டிவிட்டேன்.

இந்தக் காலக் கார்களைப் போல நெகட்டிவ் அல்ல, அந்தக் காருக்கு பேட்டரியின் பாசிட்டிவ் வயர்தான் பாடியில் சேர வேண்டும். சொன்னேன். "எந்த ஊர்லடா இப்படி?" என்று சிரித்து, முதலாளியே வயர்களை மாற்றி மாட்டினார். நீ பக்கத்தில்தான் நின்றாய். புகை வந்ததும், "உன் தம்பி கை வச்சா வெளங்குமா?" என்றார்.

"ஆமாங்க, அவனுக்கு எதுலயும் அவசரம்" என்று பல்லைக் காட்டினாய்.

கருகிய நாற்றத்தைச் சகித்துக்கொண்டேன். உன் இளிப்புதான் இன்னும் குமட்டுகிறது.

இனி பட்டறைக்கு வரமாட்டேன். வீட்டுக்கும்தான். ஏனென்று அண்ணி கேட்பார். வயரை மாற்றியது யாரென்று அவரிடமாவது சொல்.

அவசரம் எதுவுமில்லாமல்,
உன் தம்பி