மாலை போட்ட என் படம்

ஜூன் 11, புதன்

காலையிலிருந்து தூறல். பள்ளிக்கு அரை நாள் லீவு. ஏழாம் வகுப்பு நோட்டு திருத்தவில்லை.

பானு வரச் சொன்னாள். கல்லூரித் தோழி, இப்போது சினிமாவில் உடை பார்க்கிறாள். நான் படித்த பழைய நாவல் ஒன்றைப் படமாக எடுக்கிறார்கள். அக்கா எப்படிச் செத்தாள் என்று தங்கை தேடுகிறாள், தேடும்போதே காதல். அக்காவுக்கு வெறும் சுவர்ப் போட்டோ மட்டும், அதற்கு என் முகம் வேண்டுமாம்.

"உனக்குப் பழைய காலத்து மூஞ்சிடி!"

பாராட்டா, தெரியவில்லை. நாவலில் எனக்கு அக்காவைத்தான் பிடிக்கும். முழங்கை வரை ஜாக்கெட், கவரிங் அட்டிகை, கழுத்தெல்லாம் அரிப்பு. போட்டோ எடுத்தாயிற்று.

ஜூன் 13, வெள்ளி

மதுக்கரைப் பக்கம் பழைய பங்களா. வேடிக்கை பார்க்கப் போனேன். என் படம் சுவரில். சந்தனப் பொட்டு, சம்பங்கி மாலை.

கேமராக்காரர் என்னைப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். "ஒருக்கா சிரிச்சுப்போடுங்க அம்மணி. செத்த வேசம் கட்டுனா கடைசில சிரிச்சாத்தான் தோசம் போகும்."

சிரித்தேன். மதியம் தக்காளி சாதம், உப்பு அதிகம்.

ஜூன் 15, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது. மற்றதெல்லாம் நாசம்.

மாலை போட்ட என் படத்தைச் செட்டில் யாரோ போனில் எடுத்து, அது வாட்ஸ்அப்பில் சுற்றி, கொடுமுடியில் எனக்குப் பார்த்திருக்கும் செந்திலின் அம்மா கைக்கே போய்விட்டது. மாத முடிவில் எங்கள் நிச்சயம், ஆவணியில் கல்யாணம்.

"உசுரோட இருக்கற புள்ளைக்கு மாலை போட்டுப்போட்டாங்களே! இனி எந்த ஊட்டுல பொண்ணு எடுப்பாங்க?" அம்மா சாப்பிடவில்லை.

செந்திலுக்கு போன். "அம்மா ஒண்ணும் பேசலீங்க. நாளைக்கு அங்க வாராங்களாம். எனக்குப் பயமா இருக்குதுங்க."

கட்டிக்கப் போகிறவளிடமும் இத்தனை 'ங்க'. இவரை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. இது முறிந்தால் தாங்க மாட்டேன்.

ஜூன் 16, திங்கள்

லீவு. வீடு பெருக்கினேன், இரண்டு தடவை.

செந்திலின் அம்மா வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உசுரோட இருக்கறவங்களைச் செத்ததாச் சொன்னா ஆயுசு கெட்டிம்பாங்க. நான் அதுக்கு வரலீங்க" என்றார் அம்மாவிடம். பிறகு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, மெதுவாக, "கண்ணு, அந்தப் புள்ளையைக் கொன்னது யாரு?"

"கதைல வர்ற அக்காவையாங்க?"

"ஆமா. பத்திரிகைல அது தொடரா வந்ததை பைண்டு பண்ணி வெச்சிருந்தோம். பாதி படிச்சிருப்பேன், அதுக்குள்ள என்னைக் கட்டிக்குடுத்துட்டாங்க. புகுந்த ஊட்டுல புஸ்தகத்துக்கு எங்க போறது?"

"படம் வந்தா தெரிஞ்சுருமேங்க."

"சினிமாக்காரங்க மாத்திப்போடுவாங்க. கதைல யாருன்னு நீ சொல்லு."

போன உயிர் திரும்பி வந்தது, கூடவே குறும்பும்.

"கல்யாணம் முடிஞ்சு நம்மூட்டுக்கு வந்து சொல்றேனுங்க, அத்தை."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அத்தை அம்மா பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, ஆவணி வரைக்கும் எதுக்குங்க? ஆனியிலயே நல்ல முகூர்த்தம் இருக்குதுங்களே!"