மேனேஜர் வாங்கிவந்த மீன்

என் அன்பு மகன் சின்னவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், என் கோபமும் ஒரு குறைவுமில்லாமல் சுகமாக இருக்கிறது. நீயும் மருமகளும், கோபம் நீங்கலாக, அப்படியே இருக்க வேண்டும்.

போன வாரம் போனில் நான் ஆஸ்பத்திரி மீன் தொட்டியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததுமே நீ சிரித்துவிட்டாய். மீனுக்காகவாம்மா வேலையை விடறேன்னு சொன்னே என்று கேட்டாய். நான் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன், கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாதல்லவா. எங்கள் குழந்தைகள் பல் ஆஸ்பத்திரியில் என் ரிசப்ஷன் மேசைக்கு எதிரே இருக்கிற நாலடித் தொட்டி உனக்குத் தெரியும். டாக்டரம்மா பதினோரு வருஷத்துக்கு முன்னால் அதை என் பொறுப்பில் விட்டார். நானும் எல்லாம் தெரிந்துகொண்டு வந்து உட்காரவில்லை. முதல் வருஷம் குளிர்ந்த தண்ணீர் மீனையும் வெந்நீர் மாதிரி சூடு கேட்கிற மீனையும் ஒன்றாகப் போட்டு இரண்டையும் சாகக் கொடுத்தவள்தான். பிறகுதான் கடைக்காரரிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். மீன் சேர்ப்பது கலரைப் பார்த்துப் பொறுக்குகிற காரியமில்லை. எதற்கு என்ன தண்ணீர், எவ்வளவு சூடு, எது நடுவில் நீந்தும், எது அடியில் மேயும், எது கூட்டமாக இருந்தால்தான் பயமில்லாமல் இருக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக எதன் வாய் எவ்வளவு பெரிதாக வளரும் என்று பார்க்க வேண்டும். வாயில் நுழைகிறதெல்லாம் இரை, மீனுக்கு அவ்வளவுதான் நியாயம். அப்படிப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவைதான் விரல்நுனி அளவுக்கு இருபது நியான் டெட்ரா, அடியைத் துழாவ ஆறு கோரி, நூல் மாதிரி மீசை வைத்த கௌராமி ஒரு ஜோடி. ஒன்றின் வழிக்கு ஒன்று போகாது.

ஆறு மாதம் முன்னால் புதிதாக ஒரு மேனேஜர் வந்தாரே, அவருக்கு நியான் டெட்ரா கண்ணுக்கே தெரியவில்லையாம். விளம்பரத்துக்குப் போட்டோ எடுக்கணும், பெருசா, பளிச்சுன்னு ஏதாவது போடுங்க என்றார். சார், பெருசு போட்டா சிறுசு இருக்காது என்று நான் நல்லவிதமாகத்தான் சொன்னேன். மீன் வாங்கறதுக்கெல்லாம் மீட்டிங் போட முடியுமா என்று சிரித்துவிட்டுப் போனவர், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் இல்லாத நேரம் பார்த்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஆஸ்கர் மீனையும் வரிபோட்ட டைகர் பார்ப் ஆறையும் கொண்டுவந்து கொட்டிவிட்டார். திங்கட்கிழமை காலையில் நான் கைப்பையைக்கூட வைக்கவில்லை, தொட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். கௌராமி இரண்டும் மீசை அறுபட்டு மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தன, அது அந்த டைகர் பார்ப்களின் வேலை. நியான் டெட்ரா ஒன்பதைக் காணவில்லை. ஆஸ்கர் மட்டும் பந்தி முடிந்து எழுந்தவன் மாதிரி நடுவில் மிதந்துகொண்டிருந்தது. மிச்சத்தையாவது காப்பாற்ற, குறுக்கே ஒரு வலைத் தடுப்பு வைத்துப் புதுசுகளை ஒருபக்கம் ஒதுக்கினேன்.

இதுவரைக்கும் நடந்தது முட்டாள்தனம், அதை நான் மன்னித்திருப்பேன். அதற்கப்புறம் அவர் செய்ததைக் கேள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கதையாக, பராமரிப்புக் குறைவால் மீன்கள் நோய் வந்து செத்தன என்று ஒரு தாளில் டைப் அடித்து, கீழே என் பெயரையும் போட்டு, கையெழுத்துப் போடுங்க, சும்மா பார்மாலிட்டிதான் என்று நீட்டினார். பதினோரு வருஷம்டா. என் கையால் பில்டர் கழுவாத வாரம் கிடையாது. போடமாட்டேன் என்றேன். டாக்டரம்மாவிடம் போனேன். அவர் ஊசி மருந்தை எடுத்துக்கொண்டே, விடுங்கம்மா, மீன்தானே, ஒரு கையெழுத்துதானே என்றார். அப்போதுதான் வேலையே வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னேன். நீ சிரித்தது இந்த இடத்துக்குத்தான்.

புதன்கிழமை எங்கள் கணக்கு டீச்சர் வந்தாள். ஏழு வயதுப் பெண், நான் வைத்த பெயர் அது. முதல் தடவை வந்தபோது மூன்று பேர் பிடித்தும் வாயைத் திறக்காதவள். நான்தான் தொட்டியண்டை கூட்டிப்போய் எண்ணச் சொன்னேன், அதிலிருந்து இருபது எண்ணி முடித்தால் தானாகப் போய் நாற்காலியில் ஏறிக்கொள்வாள். அன்றைக்கு மூன்று தடவை எண்ணினாள். ஆன்ட்டி, பதினொண்ணுதான் இருக்கு என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் ஓடிவந்து, மத்ததெல்லாம் உடம்பு சரியில்லாம டாக்டர்கிட்ட போயிருக்கு பாப்பா என்றார். குழந்தையின் முகம் வெளுத்துப்போனது. ஏற்கனவே டாக்டர் என்றால் நடுங்குகிறவள், டாக்டரிடம் போனது திரும்பி வரவில்லை என்றால் என்ன நினைப்பாள் சொல்லு. எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ, இல்லடா கண்ணு, அந்தப் பெரிய மீன் தின்னுடுச்சு, அது மேல தப்பில்ல, அதுக்குப் பசி, தெரியாம இதுல கொண்டுவந்து விட்டவங்க தப்பு என்று ஹால் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டேன். அவள் கொஞ்சம் யோசித்து, யார் விட்டாங்க என்று கேட்டாள். மேனேஜர் கழுத்து டையைச் சரிசெய்தார், காத்திருந்த அப்பா அம்மாக்கள் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். கதவருகே டாக்டரம்மாவும் நின்றுகொண்டிருந்தார்.

குழந்தையின் பல்லைப் பார்த்து அனுப்பிய கையோடு டாக்டரம்மா அந்தத் தாளை மேனேஜரிடம் கேட்டு வாங்கிக் கிழித்தார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை, அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. வேலையை விட வேண்டாம் என்றார். அப்படியானால் தொட்டியில் என்னைக் கேட்காமல் யாரும் எதுவும் போடக்கூடாது என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். அது என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது, மேனேஜர் தினமும் அதைத் தாண்டித்தான் போகிறார். டைகர் பார்ப்களைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டார், ஆஸ்கரை முடியாது என்றுவிட்டார். தப்புச் செய்யாத ஜீவனை எங்கே கொட்டுவது, மூடிபோட்ட வாளியில் வைத்து பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். வீட்டுக்குள் இது வந்தால் நான் வெளியே போவேன் என்று குதித்த உன் அப்பா இப்போது அதற்கென்று பெரிய தொட்டி வாங்கி உன் அறையில் வைத்து, கையாலேயே ஊட்டுகிறார். அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். தின்றுவிட்டு முறைப்பதால் என்கிறார், உன் அக்கா வீட்டுக்காரர் காதில் விழாமல் பார்த்துக்கொள்.

மருமகளிடம் இதை முழுசாகப் படித்துக் காட்டு, அவள் சிரிக்கமாட்டாள். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். உன் கடைவாய்ப்பல்லை இந்த மாதமாவது காட்டு, தள்ளிப்போடாதே. லீவுக்கு வரும்போது கூடத்தில் படுக்க வேண்டியிருக்கும், உன் அறை இப்போது உனக்கில்லை.

இன்னும் கோபம் ஆறாத,
உன் அம்மா