மூன்று வாசல் கோட்டையும் நம்ம கல்லியும்

என் உயிருக்குயிரான எக்கா,

நீ போய் எட்டு மாதமாகிறது. இந்தத் தாராவி வீட்டில் உன் கட்டிலில்தான் இப்போது படுக்கிறேன். தூக்கம்தான் வர மாட்டேன் என்கிறது.

மும்பை ஃபோர்ட் பகுதியில் வக்கீல் ஆபீசுக்கு டீ கொடுக்கப் போன காலத்தில், அங்கே சுவரில் தொங்கிய பழைய பம்பாய்ப் படத்தைத் தினமும் துடைப்பாய். அதில் பார்த்ததையும் வக்கீல் சொன்னதையும் சாயங்காலம் வந்து என்னிடம் சொல்வாய்.

"மீன் பிடிக்கிற ஜனங்க இருந்த தீவுல வெள்ளைக்காரன் கோட்டை கட்டுனான்டி. மூணு வாசல். உள்ள இருந்தா பயமில்லைன்னு ஊரே உள்ள வந்துட்டு. நெருக்கியடிச்சு வீடு. ஒரு தீப்பிடிச்சதுல தெருத்தெருவா எரிஞ்சு போச்சு. கடைசியில காப்பாத்துறதுக்குக் கட்டுன சுவரே மூச்சை அடைக்குன்னு இடிச்சுப்போட்டாங்க. பொறவுதான் பம்பாய் இம்புட்டு பெருசாச்சு."

"அப்ப நம்ம காலா கில்லா?" என்று கேட்டேன்.

"அது ஓடைக் காவலுக்குக் கட்டுன குட்டிக் கோட்டை. அதை யாரும் இடிக்கல. நாமதான் அதைச் சுத்தி நெருக்கிக் கட்டிட்டோம்" என்று சிரித்தாய்.

அன்றைக்குக் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ சாய்ந்தபோது ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. மெயின் ரோட்டில் நின்றது. நம்ம கல்லி குறுகல் சந்து; ஸ்ட்ரெச்சர் நம் வாசல் திருப்பத்தில் திரும்பவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கினார்கள். இரண்டு பக்கமும் உன் முழங்கை சுவரில் இடித்தது. ரோட்டுக்கு வந்தபோது என் கையைப் பிடித்திருந்த உன் விரல் தளர்ந்திருந்தது. ஐந்து நிமிடம் முந்தியிருந்தால் பிழைத்திருப்பாயா? யாரிடம் கேட்பேன்?

காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்தத் திருப்பத்தில் போய் நின்று பார்த்தேன். ஸ்ட்ரெச்சரைத் தடுத்தது நம்ம சிமென்ட் படிதான், எக்கா. மழைத் தண்ணீர் உள்ளே வரக் கூடாதென்று நீயும் நானும் சேர்ந்து கட்டியது.

அதை ஆள் வைத்து இடித்தேன். பக்கத்து வீட்டு முத்தையா அண்ணாச்சி ஓடி வந்தார். "கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? மழைக்கு வீட்டுக்குள்ள தண்ணி வருமே!"

"வரட்டும் அண்ணாச்சி. நீங்களும் உங்க படியை இடியுங்க, ஸ்ட்ரெச்சர் வர வழி இருக்கட்டும்."

"எல்லாத்தையும் இடிச்சுப் புது பில்டிங் கட்டப் போறாங்கள்லா? அதுவரைக்கும் பொறு."

எத்தனை வருஷமாக இதையே கேட்கிறோம்! வீட்டைச் செப்பனிடவும் தயக்கம், விட்டுப் போகவும் வழியில்லை. இங்கேயே வீடு கிடைக்குமா, தூரத்து மான்குர்த் பக்கம் தள்ளுவார்களா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வீட்டுக் காகிதங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கல்லி முழுக்க உட்கார்ந்திருக்கிறோம்.

முதல் மழைக்கே தண்ணீர் வந்தது. கணுக்கால் வரைக்கும். அரிசியைக் கட்டிலில் ஏற்றிவிட்டுத் தனியாக இறைத்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி சம்சாரம் சொர்ணம் ஒரு வாளியோடு வந்து கூடவே இறைத்தாள். போகும்போது சொன்னாள்: "அவுக படியை இடிக்க இன்னும் ராஜியாகல மைனி. நான் விடமாட்டேன்."

படியை எடுக்க இன்னும் ஆறு வீடு இருக்கிறது. நாளைக்கு நானும் சொர்ணமும் மூலை வீட்டில் போய்ப் பேசப் போகிறோம். கதவைச் சாத்தினால் மறுநாளும் போவேன். ஏசினாலும் போவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
செல்லத்தாயி